கடலுக்கு முதுகு காட்டி

இரத்தினசிங்கத்தை நேரில் காண்பதற்கு முன்பே அவருடைய பெயரைத் தட்டச்சுப் பொறியில் அடித்திருக்கிறேன். 1995ஆம் ஆண்டு ஆவணி மாதம். திருகோணமலையில் ஓர் அலுவலகத்தில் நான் எழுதுவினைஞராக இருந்தேன். மின்கம்பிகளுக்கு மேலே வளர்ந்துவிட்ட பெருமரங்களின் கிளைகளைத் தறிக்கப் போகும் ஆட்களுக்கு, படை முகாம்களிடம் அனுமதி கேட்டுக் கடிதம் அடிப்பது அந்த வருடம் என் தலையில் விழுந்த வேலை. மூன்று பெயர்கள், மூன்று அடையாள அட்டை இலக்கங்கள். முத்தலிப், கிண்ணியா. தம்பிராசா, பாலையூற்று. இரத்தினசிங்கம், சாம்பல்தீவு. மூன்றாவது பெயருக்கு எதிரே, தொழில் என்ற இடத்தில் ஒப்பந்தக்காரர் அபூதாஹிர் 'மீன்பிடி' என்று எழுதி, பிறகு அதை வெட்டிவிட்டு 'மரவேலை' என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

அந்தச் சித்திரையில் துறைமுகத்தில் வெடித்த வெடியோடு யுத்தம் மறுபடி தொடங்கியிருந்தது. மீன்பிடிக்கத் தடை போட்டுக் கடலைப் பூட்டிவிட்டார்கள். வள்ளங்கள் கரையில் ஏற்றிக் கவிழ்க்கப்பட்டுக் கிடந்தன. மரங்களின் கதையும் கடலோடு சேர்ந்ததுதான். உட்துறைமுக வீதியிலும் சீனன்குடாப் பக்கமும் நிற்கும் வாகைகளின் உச்சியில் ஏறினால் துறைமுகம் முழுவதும் தெரியும். ஆகவே பல வருடங்களாக அவற்றில் ஏற ஒருவரையும் விடவில்லை. ஒவ்வொரு மாரிக்கும் ஒரு கிளை முறிந்து கம்பியில் விழும், நகரம் இருளும். கடைசியில், நிபந்தனைகளோடு ஏறலாம் என்று சம்மதம் வந்தது.

அபூதாஹிர் ஆள் தேடியபோது இரத்தினசிங்கம் தானாகப் போய் நின்றாராம். வயது முப்பத்தெட்டு. மெலிந்த, நெடிய மனிதர். மரம் ஏறிப் பழக்கமா என்று கேட்டதற்குப் பழக்கமில்லை என்றார். உயரம் பயமா என்று கேட்டதற்குத் தெரியாது என்றார். பிறகு என்ன தெரியும் என்று கேட்டபோது, "கயிறு தெரியும்" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவரை எடுத்ததாக அபூதாஹிர் பின்னர் எங்கள் அலுவலகத்தில் சொல்லிச் சிரித்தார்.

கயிறு தெரிந்த அந்த மனிதர் ஐந்து வருடமாகத் தனியாக இருந்தவர். 1990 ஆனியில் கலவரம் வந்து சாம்பல்தீவே எழும்பி ஓடியபோது, மனைவி பூரணியையும் நான்கு வயது மகள் கோசலாவையும் பூரணியின் தமையனுடைய உழவு இயந்திரத்தில் ஏற்றி வடக்கே அனுப்பினார். தான் வள்ளத்தில் எஞ்சினைப் பூட்டிக்கொண்டு கரையோரமாகவே வந்து கொக்கிளாயில் அவர்களோடு சேர்வதாகச் சொன்னார். எஞ்சின் வாங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. விட்டுப்போக மனம் வரவில்லை. கடற்கரையில் வைத்தே படையினரின் சுற்றிவளைப்பில் அகப்பட்டார். விசாரித்து விடுவதற்கு ஒன்பது கிழமை, இரண்டு மாதத்துக்கு மேலே, பிடித்தது. வெளியே வந்தபோது எஞ்சினும் இல்லை, பாதையும் இல்லை. பூரணி மன்னார்க் கரையில் வள்ளமேறி இந்தியாவுக்குப் போய்விட்டாள் என்ற செய்தி மார்கழியில்தான் கிடைத்தது. முதலில் மண்டபத்து அகதி முகாம், பிறகு திருச்சிப் பக்கம் ஒரு முகாம்.

பொறுத்திருந்தார். 95 தையில் சண்டை நின்றபோது நம்பிக்கை வந்தது. திரும்பிவர விரும்புகிறவர்களின் பட்டியலில் பூரணி பெயர் கொடுத்தாள், ஆனி மாதத்துக் கப்பல் என்று எழுதினாள். இவர் சாம்பல்தீவில் வீட்டின் கூரையை மேய்ந்து, கிணறு இறைத்து, பூரணி சமைக்கக் குசினிக்குப் புதிதாக ஒரு கதவும் போட்டார். சித்திரையில் எல்லாம் முறிந்தது. கப்பல் வரவில்லை. கடலுக்கும் போக முடியவில்லை. கதவு போட்ட வீட்டில் சும்மா இருக்க ஏலாமல்தான் வேலை கேட்டுப் போனதாக என்னிடம் சொன்னார்.

மரவேலையில் தலைமை முத்தலிப்புக்கு. இருபத்தெட்டு வயது. சவூதியில் ஒரு நகரத்தின் வீதி மரங்களைத் தறிக்கும் வேலையில் ஐந்து வருடம் இருந்துவிட்டு, வரும்போது இரண்டு இடுப்புப் பட்டியும், கயிறும், கொளுக்கிகளும், ஹெல்மெட்டும் கொண்டுவந்திருந்தான். எங்கள் ஊரில் அதுவரை மரம் ஏறுகிறவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தியோடு ஏறுவான். விழுந்தால் விதி என்பார்கள். முத்தலிப் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டான். பட்டி இல்லாமல் ஒருவரும் ஏறக்கூடாது, கீழே தம்பிராசா கயிற்றில் கைவைக்காமல் ஒரு கிளையும் அறுக்கக்கூடாது என்பது அவனுடைய கண்டிப்பு. தன்னைவிடப் பத்து வயது கூடியவருக்குப் பழக்குகிறோம் என்ற கூச்சம் அவனுக்கு இருந்தது. ஆனாலும் ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை.

முதல் கிழமை இரத்தினசிங்கத்தை அவன் மரத்தில் கால்வைக்க விடவில்லை. சுற்றிப் பார்க்கச் சொன்னான். வேரடியில் காளான் முளைத்திருக்கிறதா, அடிமரத்தில் வெடிப்பு ஓடுகிறதா, கோடரியின் பின்பக்கத்தால் தட்டினால் சத்தம் நிறைந்து வருகிறதா, உள்ளே வெற்றாகிக் கோறையாக வருகிறதா. பிறகு மேலே. இலையில்லாத பட்ட கிளை எது, அது எதன்மேல் தங்கி நிற்கிறது, குளவிக்கூடு எங்கே, கம்பி எவ்வளவு தூரம். மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று வாயால் சொன்னால் போதாது, நிறுத்தியவனைக் கண்ணால் காணவேண்டும். ஒவ்வொரு மரத்தையும் மூன்று முறை சுற்றிவந்து என்ன கண்டீர்கள் என்று சொல்லவேண்டும். இரத்தினசிங்கம் சொல்வதில் எப்போதும் ஒன்று குறையும். திரும்பவும் சுற்றுவார்.

கயிறு தெரியும் என்று சொன்னவருக்குக் கயிற்றில்தான் முதல் அடி விழுந்தது. ஒரு கிளையில் கட்டச் சொன்னபோது வள்ளம் கட்டும் முடிச்சைப் போட்டார். அழகான முடிச்சு. முத்தலிப் அதில் தொங்கி இரண்டு தரம் உலுப்பினான், மூன்றாம் தரம் அவிழ்ந்தது.

"இது கழட்டுறதுக்காகக் கட்டின முடிச்சு, அண்ணன்" என்றான். "கடலில அவசரத்துக்குக் கழட்டவேணும். இங்க நீங்க கழட்டுறவரைக்கும் அது கழலக்கூடாது."

பிறகு தன்னுடைய முடிச்சைக் காட்டினான். சின்னக் கயிற்றைப் பெரிய கயிற்றில் நாலு சுற்றுச் சுற்றிப் போடுவது. கையால் தள்ளினால் மேலும் கீழும் வழுக்கிப் போகும். பாரம் விழுந்தவுடன் இறுகிக் கடித்துக்கொள்ளும். இரத்தினசிங்கம் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கதவு நிலையில் கட்டிப் பழகினார். ஒன்றில் மட்டும் முத்தலிப்பை அவர் வென்றார். உயரமான கிளைக் கவட்டுக்கு மேலாகப் பாரம் கட்டிய நூலை எறிந்து கயிற்றை ஏற்றவேண்டும். முத்தலிப்புக்கு ஐந்தாறு எறி வேண்டும். வலை வீசிய கைக்கு முதல் எறியே போதுமாக இருந்தது.

ஏறத் தொடங்கிய நாளில் கால் நடுங்கியது. அவருக்கு அது பெரிய வெட்கம். பதினாறு வயதிலிருந்து கடலுக்குப் போனவர், ஒருநாளும் பயந்ததில்லை. மரத்தில் மூன்று பாகம், பதினெட்டு அடி உயரத்தில் முழங்கால் ஆடியது. முத்தலிப் கீழே இறங்கச் சொல்லாமல், பட்டியில் சாய்ந்து இரு கையையும் விடச் சொன்னான். அன்று பகல் முழுவதும் வேலையே அதுதான். ஏறுவது, சாய்வது, கையை விடுவது, இறங்குவது. மாலையில் கயிற்றை நம்பலாம் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது, மனத்துக்குத் தெரிய இன்னும் ஒரு மாதம் எடுத்தது என்று சொன்னார்.

அதன்பின் மரம் அறுக்கும் வாள். ஒரு கிளையை ஒரே வெட்டில் அறுத்தால் அது விழும்போது அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். ஆகவே மூன்று வெட்டு. முதலாவது, மரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கீழிருந்து மேலாக, மூன்றில் ஒரு பங்கு. இரண்டாவது, அதற்குக் கொஞ்சம் வெளியே, மேலிருந்து கீழாக. கிளை சுத்தமாக முறிந்து விழும். மிஞ்சிய கட்டையை மூன்றாவது வெட்டில் எடுக்கவேண்டும். அதையும் அடிமரத்தோடு ஒட்ட வெட்டக்கூடாது. கிளை தொடங்கும் இடத்தில் தடித்த வளையம் ஒன்று இருக்கும், அதற்கு வெளியே. அந்த வளையத்திலிருந்துதான் மரம் புதுப்பட்டை வளர்த்துக் காயத்தை மூடும். இத்தனைக்கும் முன்னால் ஒரு சட்டம்: வாளைக் கையில் எடுக்கும்போது உடம்பில் இரண்டு கயிறு இருக்கவேண்டும். மேலே கவட்டில் போட்ட பெரிய கயிறு ஒன்று, மரத்தைச் சுற்றிய சின்னக் கயிறு ஒன்று.

புரட்டாதி நடுவில் உட்துறைமுக வீதி மரங்களுக்கு அனுமதி வந்தது. கடிதத்தை நான்தான் பிரித்தேன். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை. கமெரா கூடாது, தூரக்கண்ணாடி கூடாது. நாலாவது நிபந்தனை, மரத்தில் ஏறுபவர்கள் தரைப்பக்கம் பார்த்தபடியே வேலை செய்யவேண்டும் என்று இருந்தது. அதை மொழிபெயர்த்து மூன்று பேருக்கும் வாசித்துக் காட்டினேன். அன்றைக்குத்தான் இரத்தினசிங்கத்தை நேரில் கண்டேன். அவர் நாலாவதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கையொப்பம் வைத்தார்.

பன்னிரண்டு நாள் கடலுக்கு முதுகு காட்டி வேலை செய்தார்கள். கீழே ஒரு கடற்படைச் சிப்பாய் கதிரை போட்டு இருந்தான். இளம்பிள்ளை, குருநாகல் பக்கம், கொஞ்சம் தமிழும் பேசுவான். இரத்தினசிங்கம் பின்னால் திரும்பவேயில்லை. ஆனால் மரத்தின் மேலே காற்று இருந்தது. காலையில் தரைக்காற்று விழுந்து பத்து மணிபோலக் கடற்காற்று எழும்பும்போது கிளை மெல்ல ஆடும். வள்ளத்தின் அணியத்தில், முன்தலைப்பில், நிற்கும்போது காலுக்குக் கீழே வருகிற அதே ஆட்டம். உப்பு மணமும் வரும். கண்ணை மூடினால் கொட்டியாரக் குடாவுக்கு வெளியே நிற்பதுபோல இருக்குமாம். ஆனால் வாள் கையிலிருக்கும்போது கண்ணை மூட முடியாது. ஆகவே எதிரே தெரிந்த தகரக்கூரைகளையும், வேலியையும், யாரோ காயப்போட்ட சீலையையும் பார்த்துக்கொண்டே வேலை செய்தார். அந்தச் சீலை நாவல்நிறம். பூரணியிடமும் அப்படி ஒன்று இருந்தது. அதை அவள் கொண்டுபோனாளா, விட்டுவிட்டுப் போனாளா என்று யோசித்துப் பார்த்தார், நினைவு வரவில்லை. அதுதான் தன்னைக் குழப்பியது என்றார். அவள் புறப்பட்ட நாளில் என்ன சீலை உடுத்திருந்தாள் என்பதும் நினைவில்லை. எஞ்சினைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

பதின்மூன்றாம் நாள், பாதி அறுத்த கிளையில் வாளை வைத்தபடி, அவர் திரும்பிவிட்டார்.

துறைமுகம் ஒரு சலனமும் இல்லாமல் கிடந்தது. அப்பால் குடாவும், மூதூர்க் கரையின் மெல்லிய கோடும். ஒரு வள்ளம் இல்லை. ஆறு மாதமாகக் கிட்டப் போகவிடாத நீர். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று அவருக்குத் தெரியாது. கீழே சிப்பாய் கண்டுவிட்டு விசில் ஊதினான். அவர் திடுக்கிட்டார். வாள் கிளையிலிருந்து நழுவி, வந்த வேகத்தில் இடுப்பருகே இருந்த சின்னக் கயிற்றில் இறங்கியது. கயிறு அறுந்தது. கால் வழுக்கி அவர் வெறுங்காற்றில் போனார்.

பெரிய கயிறு பிடித்தது. ஊஞ்சல்போலச் சுழன்று வந்து தோளால் அடிமரத்தில் மோதி நின்றார். வாள் கீழே விழுந்து புல்லில் குத்தியது. கிளைக்கு நேர்கீழே ஒருவரும் நிற்கவில்லை, நிற்க விடுவதில்லை. முத்தலிப் அடுத்த கவட்டில் இருந்தான். குரல் உயராமல், கையை ஒன்றிலும் வைக்கவேண்டாம், அப்படியே தொங்குங்கள் என்றான். தன்னுடைய கயிற்றில் இறங்கி வந்து, அவருடைய பட்டியில் இன்னொரு கொளுக்கியை மாட்டினான். தம்பிராசா கீழிருந்து கயிற்றை அங்குலம் அங்குலமாக விட்டான்.

தரையில் விசாரணை நடந்தது. சிப்பாய் அதிகாரியைக் கூப்பிட்டான். அதிகாரி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து என்னிடம் பெயரையும் இலக்கத்தையும் சரிபார்த்தார். நான் சைக்கிளில் ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது இரத்தினசிங்கம் புல்லில் குந்தியிருந்தார், தோள் வீங்கியிருந்தது. எதைப் பார்த்தாய் என்று கேட்டார்கள். முத்தலிப் சிங்களத்தில் மாற்றிச் சொன்னான். கடலை என்றார். கடலில் எதை என்று கேட்டார்கள்.

"ஒண்டுமில்லை. கடலைத்தான். நான் கடற்றொழில் செய்யிறனான்."

அதிகாரி அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இந்த ஆளை இனி இந்த வீதி மரங்களில் ஏற்றவேண்டாம் என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அதைவிடக் கெடுதியாக முடிந்திருக்கலாம். அந்த நாட்களில் அதைவிடச் சின்னக் காரணத்துக்குப் பிடிபட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

வேலை போய்விட்டது என்றுதான் இரத்தினசிங்கம் நினைத்தார். மறுநாள் தோளில் எண்ணெய் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தவரை முத்தலிப் தேடிப் போனான். அறுந்த கயிற்றைக் கையோடு கொண்டுபோனான். முற்றத்தில் இருந்து தேநீர் குடித்தபடி, யாரைத் தேடினீர்கள் என்று கேட்டான். இரத்தினசிங்கம் எல்லாம் சொன்னார். எஞ்சின், உழவு இயந்திரம், ஆனி மாதத்துக் கப்பல். முத்தலிப் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஆனால் இந்தியா அந்தப் பக்கம் இல்லையே என்றான். தெரியும் என்றார் இவர். கடலோடியவருக்குத் திசை தெரியாதா? என்றாலும் பார்க்கக் கடல்தானே இருக்கிறது.

முத்தலிப் சொன்னதை அவர் எனக்குப் பல தடவை திரும்பச் சொல்லியிருக்கிறார்.

"பார்க்கவேணுமெண்டாப் பாருங்க, அண்ணன். நானும் சவூதியில மரத்தில இருந்து மேற்கையும் கிழக்கையும் பார்த்தவன்தான். ஆனா பார்க்கமுந்தி வாளைப் பட்டியில கொழுவுங்க. ரெண்டு கயிறும் இருக்கா எண்டு தொட்டுப் பாருங்க. பிறகு ஆசை தீரப் பாருங்க. ரெண்டையும் ஒரே நேரத்தில செய்ய ஏலாது."

கடலைப் பற்றி அவரோடு பேசிய ஒருவரும், பார்க்கலாம் என்று அதுவரை சொன்னதில்லை. மறந்துவிடு என்றுதான் சொன்னார்கள். அறுந்த கயிற்றை முத்தலிப் அங்கேயே விட்டுவிட்டுப் போனான்.

தோள் ஆறியபிறகு கந்தளாய்க்கு அனுப்பினார்கள். குளக்கட்டுப் பக்கம் கிழட்டு மருதமரங்கள் வீதிக்கு மேலே சரிந்து நின்றன. அங்கே மூன்று மாதம். குளத்தின் நீரும் பெரிய நீர்தான், ஆனால் அதற்கு உப்பு மணம் இல்லை. வேலையில் அவர் மெல்ல மெல்லத் தேர்ந்தார். மாரி ஈரத்தில் பட்டை வழுக்கும்போது ஏறமாட்டேன் என்று அபூதாஹிரிடம் சொல்லப் பழகினார். ஒரு பாலைமரத்தைச் சுற்றிவந்து, இதில் ஏறக்கூடாது என்று முத்தலிப்புக்கு முன்னால் சொன்னார். அடியில் கோறை இருந்தது. முத்தலிப் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை எனக்குச் சொன்னபோது சின்னப் பிள்ளைபோல மகிழ்ந்தார். 97இல் முத்தலிப் மறுபடி வெளிநாடு போனான். போகும்போது ஒரு பட்டியை அவருக்கு விட்டுப்போனான்.

அந்த வருடங்களில்தான் அவரும் நானும் நெருங்கினோம். முகாமுக்கு எழுதும் கடிதங்களுக்கு ஆங்கிலத்தில் விலாசம் எழுத என்னிடம் வருவார். ஒரு கடிதம் போய்ச் சேர ஒன்றரை மாதம், பதில் வர இன்னும் ஒன்றரை. வருடத்துக்கு நாலு முறை மனைவியோடு பேசுகிறேன் என்று கணக்குச் சொல்வார். ஒருமுறை பூரணி, கோசலா உங்கள் முகத்தை மறந்துவிட்டாள், படம் அனுப்புங்கள் என்று எழுதினாள். ஸ்ரூடியோவில் எடுக்காமல், வேலைத்தலத்தில் தம்பிராசாவின் மருமகன் எடுத்த படம் ஒன்றை அனுப்பினார். ஹெல்மெட்டும் பட்டியுமாக மரத்தடியில் நிற்கும் படம். பதில் வந்தது. அதை என்னிடம் வாசிக்கத் தந்தார்.

'நீங்கள் மரத்தில் ஏறாதேங்கோ. கடலுக்குப் போனால் எத்தனை மணிக்கு வருவீங்கள், காற்று மாறினால் எங்கே ஒதுங்குவீங்கள் என்று எனக்குத் தெரியும். படுத்திருந்தபடியே உங்களைக் கரைக்குக் கொண்டுவருவேன். மரம் எனக்குத் தெரியாது. அதில் உங்களை எங்கே என்று நினைக்கிறது?'

அந்தக் கேள்வி அவரைப் பல நாள் பிடித்து வைத்திருந்தது. பிறகு ஒரு ஞாயிறு முழுவதும் இருந்து பதில் எழுதினார். பதினொரு பக்கம். ஒட்டுவதற்குமுன் எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னார். இன்றைக்கும் நான் அதுபோல ஒரு கடிதத்தை வாசித்ததில்லை. அன்பு, ஆசை என்று அதில் ஒரு சொல்லும் கிடையாது. மரத்தை எப்படிச் சுற்றிப் பார்ப்பது என்று தொடங்கி, எட்டு மணிக்கு எந்தக் கிளை, ஒன்பதுக்கு எந்தக் கவடு, பத்துமணிக் காற்றுக்கு எப்படிச் சாய்வது, எப்போது இறங்கிச் சோறு சாப்பிடுவது என்று ஒரு நாளை முழுதாக எழுதியிருந்தார். முடிச்சைப் படம் கீறி, ஒவ்வொரு சுற்றுக்கும் இலக்கம் போட்டிருந்தார். 'ரெண்டு கயிறு எப்போதும் என்னில் இருக்கும். ஒன்று அறுந்தால் மற்றது பிடிக்கும். அறுந்தும் இருக்கிறது. மற்றது பிடித்தது. நீர் பயப்படாதையும்.'

அறுந்தது என்ற வரியை எடுத்துவிடலாமே, பூரணி பயப்படுவார் என்றேன்.

"இல்லை, கிடக்கட்டும்" என்றார். "அது இல்லாட்டி மற்றதை அவ நம்பமாட்டா."

மூன்று மாதத்தின்பின் பதில் வந்தது. முகாமில் உடுப்புக் காயப்போடும் கொடியில் அந்த முடிச்சைப் போட்டுப் பார்த்தார்களாம். பூரணிக்கு இரண்டு நாள் வரவில்லை. பன்னிரண்டு வயதுக் கோசலா போட்டுவிட்டாள். தண்ணீர்க் குடத்தைத் தொங்கவிட்டும் வழுக்கவில்லை. 'இப்போது எட்டு மணிக்கு எங்கே நிற்பீங்கள் என்று எனக்குத் தெரியும்' என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு மரத்தில் ஏறவேண்டாம் என்று அவள் ஒருமுறையும் எழுதவில்லை. அவரும் எந்த ஊரில், என்ன மரத்தில் வேலை என்று ஒவ்வொரு கடிதத்திலும் சொல்லிவிடுவார். இடம் மாறி வேலை வந்துவிட்டால், அவள் தன்னைப் பிழையான மரத்தில் தேடிக்கொண்டிருப்பாள் என்று உண்மையாகவே வருத்தப்படுவார்.

2002இல் யுத்தநிறுத்தம் வந்தது. கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. மைத்துனன் ஒருவனின் வள்ளத்தில் இரண்டு தரம் போய்வந்தார். கை மறக்கவில்லை, ஆனால் கண் மாறிவிட்டது என்றார். நீரைப் பார்ப்பதைவிட்டுக் கரையில் நிற்கும் மரங்களில் எது தறிக்கவேண்டியது என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். மரவேலையை விடவில்லை. கோசலாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் என்று பூரணி காத்திருந்தாள். 2003 ஆனியில், பெயர் கொடுத்த அந்தக் கப்பலுக்குச் சரியாக எட்டு வருடம் கழித்து, இருவரும் விமானத்தில் கொழும்பு வந்து, ரயிலில் காலையில் திருகோணமலையில் இறங்கினார்கள். நானும் நிலையத்துக்குத் துணையாகப் போனேன். அவர் இரண்டு பெட்டி தள்ளி நின்ற ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். பூரணி இந்தப் பக்கத்தால் வந்து அவருடைய முழங்கையைத் தொட்டாள். தலை பாதி நரைத்திருந்தது. ஒருவரும் அழவில்லை. கோசலா, தாயைவிட உயரம், ஒரு பையை மார்போடு அணைத்தபடி நின்று, "வணக்கம்ப்பா" என்றாள், திருச்சிப் பக்கத்துத் தமிழில்.

ஒரு மாதம் கழித்து அலுவலகத்துக்கு வந்தார். எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். நல்லாயிருக்கினம் என்றார். பூரணி விடிய நாலு மணிக்கே எழும்பிக் குடத்தோடு கிணற்றடிக்குப் போகிறாளாம், முகாமில் வரிசையில் நின்ற பழக்கம். கோசலா சிநேகிதிகளுக்குக் கடிதம் எழுதுகிறாளாம், தபால் எத்தனை நாளில் போகும் என்று கேட்கிறாளாம். ஒரே வீட்டில் மூன்று பேரும் விருந்தினர்போல ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடக்கிறார்களாம்.

"வந்திட்டினம்" என்றார். "ஆனா நான் இன்னும் அவையளைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரித்தான் கிடக்கு. பன்ரெண்டு பதின்மூண்டு வருசம் பழகின பழக்கம். உடனே விடேலாது போல."

இருவரும் சந்தைவரை நடந்தோம். பூரணி பச்சைமிளகாய் வாங்கிவரச் சொல்லியிருந்தாள். மரக்கறிக் கடைக்கு முன்னால் நின்று, கையை மிளகாய்க் குவியலுக்கு மேலே வைத்தபடி தயங்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவான குரலில், மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு கிழமைக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். இருநூறு கிராம் போதும் என்றேன். அவர் அரைக்கிலோ வாங்கினார்.